சீரியல் போர்ட்டை நேரடியாக இயக்குதல்
1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் சீரியல் போர்ட் அட்டையில் இருந்தது 8250 சில்லு. வந்த எழுத்தை வைத்திருக்க அதில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். 9600 பாட் வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்குள் எடுக்காவிட்டால், அடுத்த எழுத்து வந்து முந்தையதை அழித்துவிடும். பயாஸ் தந்த சேவையோ குறுக்கீட்டைப் பயன்படுத்தாமல், எழுத்து வந்ததா என்று கேட்டுக்கொண்டே நிற்பது. ஆகவே மோடம் நிரல் எழுதியோர் அதை ஒதுக்கிவிட்டு, சில்லின் பதிவகங்களைத் தாங்களே கையாண்டனர். டாஸில் தடுப்பார் இல்லை.

லினக்ஸில் இதற்கு ரூட் உரிமையுடன் 'ஐஓபெர்ம்' அழைப்பு வேண்டும். அனுமதி கிடைத்தாலும் குறுக்கீடு கெர்னலுக்கே போகும். நிரல் தன் முறைக்குக் காத்திருக்கையில் எழுத்து தொலையும். 16550ஏ சில்லின் 16 பைட் வரிசை இந்த இடரைக் குறைத்தது. கம்பி ஒன்றை ஏற்றி இறக்க மட்டுமென்றால் நேரடி வழி போதும். தரவு வாங்க கெர்னல் இயக்கியே நல்லது.

இதில் வேடிக்கை, லினக்ஸே 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் மோடம் வழியே பல்கலைக்கழகக் கணினியை அடைய, வன்பொருளை நேரடியாக இயக்கி எழுதிய முனைய நிரலிலிருந்து வளர்ந்ததுதான்.