சமனில்லாச் சுற்று: இரட்டை அவுட்போர்டு படகின் ஒரு பழுது வரலாறு

படகின் பின்பலகையில் ஒரே நிறுவனத்தின், ஒரே குதிரைத்திறனுள்ள இரண்டு அவுட்போர்டு மோட்டார்களைப் பூட்டி, இரண்டின் திராட்டிலையும் முழுதாகத் திறந்த பிறகும் ஒன்று நிமிடத்துக்கு 5,600 சுற்று ஓட, மற்றது 5,100-இலேயே நின்றுவிடுவது உண்டு. இந்தப் பழுதைக் கண்டறியும் முறை படகுப் பட்டறைகளில் வளர்ந்தது.

தொடக்க காலத்தில் படகுக்கு ஒரே மோட்டார் என்பதால் இந்தப் பழுதுக்கே இடமில்லை. 1881-இல் பாரிஸின் சேன் ஆற்றில் குஸ்தாவ் த்ரூவே ஓட்டிக் காட்டியது கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டார். 1909-இல் மில்வாக்கி நகரில் நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்ரோல் மோட்டாருக்கு ஒரே சிலிண்டர், ஆற்றல் 1.5 குதிரைத்திறன்; எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. ஒருவர் தூக்கிப்போய்த் துடுப்புப் படகில் மாட்டிவிடலாம் என்பதே அதன் பெருமை. 1921-இல் அவரே அலுமினியத்தால் எடையைக் குறைத்து, இரட்டைச் சிலிண்டருடன் எல்டோ மோட்டாரைக் கொண்டுவந்தார். அப்போதும் படகுக்கு ஒரு மோட்டார் என்பதே வழக்கம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. ஒட்டுப்பலகையிலும் கண்ணாடியிழையிலும் பெரிய குடும்பப் படகுகள் வந்தன. அவற்றைத் தள்ளும் வலு 1950களின் முற்பகுதியில் கிடைத்த பெரும்பாலான ஒற்றை மோட்டார்களுக்கு இல்லை. ஜான்சன் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பெரிய மோட்டாரே 25 குதிரைத்திறன்தான். ஆகவே இரண்டைச் சேர்த்துப் பூட்டினார்கள். ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும் என்ற துணிவும் இதற்குக் காரணம். ஒற்றை மோட்டார் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக வலு இழந்தால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சுற்றை அளக்கும் இரண்டு டாக்கோமீட்டர்கள் அருகருகே இருந்தபோது அந்த இழப்பு எண்ணாகவே கண்ணில் பட்டது.

இதிலிருந்து பிறந்ததே மாற்றிப் பூட்டிப் பார்க்கும் முறை. மெக்கானிக்கின் கையில் இருந்த மிகச் சிறந்த அளவுகோல் பக்கத்து மோட்டார்தான். அன்றைய பெரும்பாலான இரட்டை மோட்டார்களில் இரு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுழன்றதால், முதலில் அவற்றை இடம் மாற்றினார்கள். குறைந்த சுற்று புரொப்பெல்லருடன் சேர்ந்து மறுபக்கம் போனால் குற்றம் அதன் மேல்: இறக்கை வளைந்திருக்கும், அல்லது பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) வேறுபடும். பிட்ச் ஓர் அங்குலம் கூடினாலே ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று குறையும். புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கினால் விளைவு தலைகீழ். அந்த மோட்டார் கூடுதலாகச் சுற்றும், படகு மட்டும் நகராது. அடுத்து டாக்கோமீட்டரை மாற்றிப் பார்த்தார்கள். ஆல்டர்னேட்டரின் துடிப்பை எண்ணும் மீட்டரில், பின்புறத் திருகு அந்த ஆல்டர்னேட்டரின் துருவ எண்ணிக்கைக்கு உரிய இடத்தில் இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் நோயாளியாகத் தெரியும்.

அதன் பிறகு பெட்ரோல் குழாய், ஸ்பார்க் பிளக், கடைசியில் கம்ப்ரஷன். மோட்டாரை நிறுத்திவைத்து லீவரை முழுதாகத் தள்ளி, கார்புரேட்டரின் வால்வுத் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பார்ப்பது மிக எளிய சோதனை. கேபிள் நீண்டு தகடு பாதி மூடியிருந்ததை விட்டுவிட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டால் வீண் செலவுதான். மேக்னெட்டோவின் பாயின்ட் இடைவெளியையும் பல கார்புரேட்டர்கள் ஒரே நேரத்தில் திறப்பதையும் ஒத்திசைப்பது அக்காலத் தொழில்திறனின் உச்சம். அதைச் செவியாலும் விரலாலும் கற்றவர்கள் பெரும் மதிப்புக்குரியவர்கள்.

1980களில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இணைகள் பரவின. இரு புரொப்பெல்லர்களும் ஒரே பக்கம் சுழன்றால் படகு ஒருபுறம் இழுக்கும். எதிர்த்திசை அதைச் சமன் செய்தது. ஆனால் வலச்சுற்றுப் புரொப்பெல்லரை இடச்சுற்று மோட்டாரில் பூட்டிப் பயனில்லை. மிக மலிவான சோதனை இதனால் கைநழுவியது. அதே பிட்ச் அளவில் வேறொரு புரொப்பெல்லரைக் கடன் வாங்கித்தான் பார்க்க வேண்டும். இரு மோட்டார்களின் உயரத்தையும் சாய்வையும் அளந்து ஒப்பிடுவது முன்னிலும் முக்கியமாயிற்று. ஒன்று நுரைகலந்த நீரில் சுழன்றால் அதன் சுற்று தானே கூடிவிடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் கொண்டுவந்த விதிகள், 2006-க்குள் அவுட்போர்டுகளின் ஹைட்ரோகார்பன் புகையை 75 விழுக்காடு குறைக்கச் சொன்னன. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஒதுங்கின. ஃபோர்-ஸ்ட்ரோக்கும் கணினிக் கட்டுப்பாடும் வந்தன. அதிக வெப்பம் உணரப்பட்டால் கணினியே சுற்றைக் குறைத்துவிடும் என்பதால், நீர் பம்பின் தேய்மானம்கூடச் சமனில்லாச் சுற்றாக வெளிப்படுகிறது. கேபிள் இல்லாத மின்னணுத் திராட்டில்கள் நடுத்தர வேகத்தில் இரண்டையும் தாமே சமன் செய்து வலுக் குறைந்த மோட்டாரை மறைத்துவிடுகின்றன. வேறுபாடு தெரிவது முழு வேகத்தில் மட்டும்.

எவ்வளவு நவீன மோட்டாரானாலும் வளைந்த இறக்கையும் வழுக்கும் புஷ்ஷும் கணினியின் பிழைக் குறியீட்டில் வருவதில்லை. இரட்டை மோட்டார் வைத்திருப்போர் பருவத் தொடக்கத்திலேயே, வழக்கமான சுமையுடன் முழுத் திராட்டிலில் இரு பக்கச் சுற்றையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழுது வரும் நாளில் மெக்கானிக் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.