ஒரு ‘தென்’ எங்கே நிற்கிறது?

கோடு எழுதுறவங்களுக்கு ‘இஃப்’ வந்தால் பின்னாடியே ‘தென்’ வரும். ஆங்கில இலக்கண வகுப்பிலும் அதே கதைதான்: இது நடந்தால், அப்போ அது நடக்கும். ஆனால் ‘தென்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ‘அதுக்கப்புறம்’ என்று சம்பவங்களைக் கோர்ப்பது. இந்த ரெண்டாவது அர்த்தம் ஒரு கொலை வழக்கில் முக்கியமான தடயமாச்சு.

1952 நவம்பர் 2, லண்டனுக்குத் தெற்கே குராய்டன். ஒரு கிடங்கின் கூரையில் ரெண்டு திருடர்கள்: 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க், 19 வயது டெரெக் பென்ட்லி. கிரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்ற போலீஸ்காரர் இறந்தார். அந்த நேரத்தில் பென்ட்லி ஏற்கெனவே பிடிபட்டிருந்தார். ஆனால் அதற்கு முன்பே ‘லெட் ஹிம் ஹேவ் இட்’ என்று அவர் கத்தினார்னு போலீஸ் சொன்னது. அதுக்கு ‘துப்பாக்கியை அவர்கிட்ட குடுத்துடு’ன்னும் அர்த்தம் வரும், ‘சுடு’ன்னும் வரும். நம்ம ஊர்லயும் ‘நல்லா குடு’ன்னா அடின்னுதானே அர்த்தம்? அப்படி யாரும் கத்தவே இல்லைன்னு கிரெய்க், பென்ட்லி ரெண்டு பேருமே மறுத்தாங்க.

18 வயது ஆகாததால் கிரெய்குக்குத் தூக்கு இல்லை. கருணை காட்டச் சொல்லி ஜூரி பரிந்துரைத்தும், 1953 ஜனவரி 28 அன்று பென்ட்லி தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய வாக்குமூலமும் வழக்கில் இருந்தது. நாங்க கேள்வியே கேட்கலை, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்னு போலீஸ் சத்தியம் செய்தது. பென்ட்லிக்கோ எழுதப் படிக்கத் தெரியாதுன்னே சொல்லலாம்.

பல பத்தாண்டுகள் கழித்து மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் அந்த வாக்குமூலத்தை எடுத்து எண்ணிப் பார்த்தார். மொத்தம் 582 சொற்கள். அதில் ‘தென்’ மட்டும் 10 தடவை. அதைவிட முக்கியம், அது நிற்கும் இடம். சாதாரண பேச்சில் ‘தென் ஐ’ என்பதே வழக்கம். ‘ஐ தென்’ என்பதைவிட அது சுமார் 10 மடங்கு அதிகம். ஆனால் பென்ட்லியின் வாக்குமூலத்தில் ‘ஐ தென்’ திரும்பத் திரும்ப வருது. போலீஸ்காரர்கள் தங்கள் அறிக்கையில் எழுதும் நடை அதுதான். ஆக, அது பென்ட்லி தானாகச் சொன்ன பேச்சு மட்டும் இல்லை; போலீஸ் கையும் அதில் இருக்கு என்பது கூல்தார்டின் வாதம்.

1998 ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. நீதிபதி கோடார்ட் ஜூரிக்குத் தந்த வழிகாட்டல் நியாயமாக இல்லை என்பதே முதன்மைக் காரணம். சொல் கணக்கு அல்ல. தம்பிக்காக வாழ்நாளெல்லாம் போராடிய அக்கா ஐரிஸ், அதற்கு முந்தைய வருஷமே இறந்துட்டாங்க.

அகராதியில் ‘தென்’னுக்கு அர்த்தம் கிடைக்கும். அதை யார், வாக்கியத்தில் எங்கே வைப்பாங்க என்பது பழக்கத்தில்தான் கிடைக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.