சித்தப்பாவின் லென்ஸ்

டாலிகஞ்சுக்கு மாற்றலாகி வந்தபோது பெட்டிக்கு அடியில் சித்தப்பாவின் லென்ஸும் கூடவே வந்தது. பென்டாக்ஸ் 645 கேமராவுக்கான 75 எம்.எம். கும்பகோணத்தில் ஸ்டூடியோவை மூடும்போது கேமரா செத்துப் போயிருந்தது. லென்ஸை மட்டும் வேட்டித் துணியில் சுற்றி, "வச்சுக்கடா, எதுக்காவது ஆகும்" என்று கொடுத்தார்.

ஆசை இருந்தது. ஆனால் கண் இல்லை. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. வவுச்சரில் இருக்கும் தொகையையே கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கையால் ஃபோகஸ் செய்வதாவது! ஆட்டோஃபோகஸ்தான் வழி. அப்படியென்றால் இந்த லென்ஸ்?

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1985ல் மினோல்டா 7000 வந்தபோது, 35 எம்.எம். உலகத்தில் அந்தக் கம்பெனி தன் பழைய லென்ஸ்களை அப்படியே கைவிட்டது. 1987ல் கேனனும் அதையே செய்தது. எங்கள் பாஷையில் ரைட்-ஆஃப். கஷ்டப்பட்டு லென்ஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். நிக்கான் பழைய மவுண்டை விடவில்லை.

மீடியம் ஃபார்மட்டில், லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆருக்கு ஆட்டோஃபோகஸ் வர 1997 ஆனது. பென்டாக்ஸ் 645என். 1984ல் வந்த 645ன் அதே மவுண்ட். பழைய பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஒழுங்காக ஏற்றியிருக்கிறார்கள்! 2002ல் வந்த ஹாசல்பிளாடு எச்1ல் அந்தக் கம்பெனியின் பழைய லென்ஸ்களைப் போட தனி அடாப்டர் வேண்டும். 2010, 2014ல் வந்த டிஜிட்டல் பென்டாக்ஸ்களிலும் (645டி, 645இசட்) சித்தப்பாவின் லென்ஸ் நேராகப் பொருந்தும். அவை என் சம்பளத்துக்கு மேலே என்பது வேறு விஷயம் :-)

மெட்ரோ கல்லியில் ஒரு பழைய 645என் கிடைத்தது. லென்ஸ் உட்கார்ந்த 'டக்' சத்தத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. மோட்டார் இல்லாத லென்ஸ், தானாகத் திரும்பாது. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் சென்சார், லென்ஸின் இரண்டு ஓரத்திலிருந்து வரும் வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஃபோகஸ் சரி. வளையத்தைத் திருப்பியது மோட்டாரா, வங்கி ஆபீசரா என்று அதற்குக் கவலை இல்லை. நான் மெல்லத் திருப்புகிறேன்; சரியான இடத்தில் வியூஃபைண்டரில் அடையாளம் ஒளிர்கிறது. என் கண் செய்யவேண்டிய வேலையை அது செய்கிறது.

நான் இருப்பது ஸ்டூடியோ பாரா. 1931ல் நியூ தியேட்டர்ஸ் தொடங்கிய பேட்டை. சினிமாக்காரர்கள் ஆட்டோஃபோகஸை நம்பி உட்காரவில்லை. நடிகரின் கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, கையால் ஃபோகஸ் வைப்பதற்கென்றே ஒரு ஆளை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆள் கேமராவுக்குள்ளேயே இருக்கிறார்.

முதல் ரோலில் 16 படம். பால்கனியில் தலை துவட்டிக்கொண்டிருந்த மகளை எடுத்த படத்தில் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பிரிண்ட் போட்டுக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன்.

சித்தப்பாவுக்கு இப்போது ஒரு கண் சுத்தமாகத் தெரியாது. இன்னொரு கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாராம். போனில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஃபோகஸ் வளையம் கடைசியில கொஞ்சம் இறுகுமேடா, இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு சித்தப்பா."