சுற்றுச்சூழல் பொறியியல் கல்வி: புதுக்கோட்டை வட்டாரம்

சுற்றுச்சூழல் பொறியியல் என்பது தண்ணீர், கழிவுநீர், காற்று, குப்பை ஆகியவற்றால் மனிதருக்கும் மண்ணுக்கும் கேடு வராமல் காக்கும் பொறியியல் படிப்பு. முன்பு இதற்குப் பொது சுகாதாரப் பொறியியல் என்று பெயர். லண்டனில் 1854-இல் காலரா ஒரு தெருப் பம்புத் தண்ணீரால் பரவியதை மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டிய பிறகு, நோய்த் தடுப்பில் பொறியாளருக்கும் பெரும் பங்கு உண்டு என்பது மெல்ல உறுதிப்பட்டது. நாக்பூரில் 1958-இல் தொடங்கிய மத்திய பொது சுகாதாரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1974-இல் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ('நீரி') எனப் பெயர் மாறியது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அந்த ஆண்டு ஜனவரி 14-இல்தான்.

ஆனால் இந்த மண்ணின் நீர்ப் பொறியியல் அந்த நிறுவனத்தையும் சட்டத்தையும்விடப் பல நூற்றாண்டு மூத்தது. மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய்களும் குளங்களுமே அதற்கு ஆதாரம். பழைய நீர்நிலைகள் பலவற்றில் இன்றும் குமிழித் தூம்பு எனப்படும் கல்மதகுகள் நிற்கின்றன. சிலவற்றின் தூண்களில் கல்வெட்டுகளும் உண்டு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றின் அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் இருக்கும் துளை நீரோடி, தரைமட்டத்தில் இருக்கும் சிறிய துளைகள் சேறோடி. நீரோடியின் அடைப்பைத் தூக்கியதும் தண்ணீர் கரைக்கடியில் உள்ள சுருங்கை வழியே வாய்க்காலுக்குப் பாயும்; அந்த வேகத்தில் வண்டலும் சேறோடி வழியே இழுபட்டு வெளியேறும். வயலுக்கு உரம் கிடைக்கும், தூம்படியும் தூர்ந்துபோகாது. மின்சாரமோ இயந்திரமோ இல்லாமல் வண்டலை வெளியேற்றிய இந்த அமைப்புக்குப் பொறியியல் பாடநூலில் ஓர் அத்தியாயமே தரலாம். பின்னாளில், சமஸ்தானக் காலத்தில், திவான் சேஷையா சாஸ்திரி (பதவிக் காலம் 1878–1894) நகரின் குளங்களைச் சீரமைத்தார்.

இன்று புதுக்கோட்டை மாணவருக்குப் பக்கத்தில், திருச்சி துவாக்குடியிலுள்ள என்.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.டெக். உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் இதே துறையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இத்துறை மாணவர் ஆய்வகத்தில் தவறாமல் செய்யும் சோதனை பி.ஓ.டி.: தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பது. இங்கிலாந்தில் உருவான இந்தச் சோதனையை 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் வைத்துச் செய்வார்கள். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ப அது 27 டிகிரி, 3 நாள் என்று ஆனது. பாடத்திட்டம் முழுவதும் இப்படி நம் மண்ணுக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். அது போதிய அளவு நடக்கவில்லை.

பாடத்தை மண்ணோடு இணைக்கும் கேள்விகளுக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. தைலமரக் காடுகள் நீர்வரத்தைக் குறைக்கின்றன என்று விவசாயிகள் நெடுநாளாகக் குறை சொல்கிறார்கள். 2017-இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடியதற்கு நிலத்தடி நீர் பற்றிய அச்சம் முக்கியக் காரணம். 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன. இந்தப் படிப்புக்குப் போகும் புதுக்கோட்டைப் பிள்ளைகள் தங்கள் ஆய்வேட்டுக்குச் சொந்த ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ள வேண்டும். பேராசிரியர்களும் அதற்கு இடம் தரவேண்டும்.