தாய்லாந்தின் பிரதேசங்கள்

முற்காலத்தில் சயாம் என வழங்கிய தாய்லாந்து, உல்லாசப் பிரயாணிகள் பெருந்திரளாக நாடிச் செல்லும் தேசமாயினும், அதன் கடற்கரைகளை மாத்திரம் கண்டு திரும்புவோர் அத்தேசத்தின் பெரும்பகுதியைக் காணாதவரே ஆவர்.

வடக்கே, மெங்ராய் மன்னன் 1296-இல் நிறுவிய சியாங் மாய் நகரமும், 2,565 மீட்டர் உயர்ந்து நாட்டின் சிகரங்களுள் முதன்மை பெற்ற தோய் இந்தனோனும் உள்ளன. சாவோ பிராயா நதி வளப்படுத்தும் மத்திய சமவெளியில், 1350 முதல் 1767-இல் பர்மியப் படையால் அழிவுறும் வரை தலைநகராயிருந்த அயுத்தயாவின் இடிபாடுகளிடையே, மரவேர்கள் சுற்றிப் பின்னிய புத்தர் சிரசொன்று சாந்தம் குன்றாது விளங்குகிறது.

பலரும் புறக்கணிக்கும் வடகிழக்குப் பீடபூமியாகிய ஈசானே நின்று நிதானித்துக் காணத்தக்கது. அங்கே, அணைந்த எரிமலையொன்றின் உச்சியில் கெமர் மன்னர் காலத்துச் சிவாலயமாகிய பனோம் ரூங் நிற்கிறது. ஆண்டின் சில தினங்களில் உதயசூரியனின் கிரணங்கள் அதன் 15 வாயில்களையும் ஒரே நேர்க்கோட்டில் ஊடுருவிச் செல்லும் காட்சி, அக்காலத்துச் சிற்பிகளின் கணித ஞானத்தைப் பிரத்தியட்சமாக உணர்த்துவதாகும். மூங்கிற் கூடையில் ஆவியில் வெந்த பசையரிசிச் சோற்றை விரல்நுனியால் உருட்டி, மிளகாய்த் துவையலில் தோய்த்து உண்பது இப்பகுதியார் வழக்கம்.

தெற்கே புக்கெட், கிராபி ஆகியவற்றின் சுண்ணாம்புக் குன்றுகளும் தீவுகளும் பிரசித்தமானவை. இவ்வந்தமான் கடற்கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலமாயிருக்க, கீழ்க்கரையிலுள்ள சாமுயி தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை பெய்யும். புக்கெட்டுக்கு வடக்கேயுள்ள தகுவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்து வணிகர் காவலில் விடப்பெற்ற குளமொன்றைக் குறிப்பிடுகிறது.