தோள்தூளியின் வரலாறு

மக்கள் வாழ்க்கை வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்லும் செம்பும் சுட்ட மண்ணும் பெருந்துணை புரிகின்றன. மண்ணுள் புதைந்தும் அழியாது நின்று அவை தம் காலத்தை நமக்கு அறிவிக்கின்றன. நூலும் நாரும் தோலும் அவ்வாறு நிலைப்பன அல்ல. ஆதலின், அவற்றாற் செய்த பொருள்கள் எத்துணைப் பழமை உடையனவாயினும் வரலாற்று நூல்களில் இடம் பெறாமலே போயின. அவற்றுள் ஒன்று, தாய் தன் குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டிச் சுமக்கும் துணியாகும். தூளி, ஏணை என்னும் சொற்கள் உத்தரத்திலோ மரக்கொம்பிலோ தொங்கவிடும் துணித்தொட்டிலையே பெரிதும் குறிப்பன. தாயின் தோளிலிருந்து தொங்கி, அவள் செல்லுமிடமெல்லாம் உடன்செல்லும் துணியைத் தோள்தூளி என இக்கட்டுரையில் வழங்குவாம். அதன் வரலாற்றை எச்சான்றுகளால் அறியலாகும், அச்சான்றுகள் ஏன் அருகியுள்ளன என்னும் இரு வினாக்களை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண், இதன் தேவை எவ்வாறு எழுந்தது என்பதை நோக்குவோம். குரங்கின் குட்டி தாயின் மயிரைத் தானே பற்றித் தொங்க வல்லது. பூனைக்குட்டியையோ தாய் கவ்விச் செல்லல் வேண்டும். வைணவ நூலோர் இவ்விரண்டனையும் மர்க்கட நியாயம், மார்ச்சால நியாயம் என அடைக்கலத் தத்துவத்திற்கு உவமையாக்கினர். மக்கட்குழவி பின்னதன் பாற்பட்டது. நிமிர்ந்து நடக்கும் தாயின் உடலில் பற்றுதற்கு மயிர் இல்லை; பற்றுதற்கேற்ற விரல் குழவியின் காலிலும் இல்லை. எனவே குழவியைத் தாங்குதல் முற்றும் தாயின் கடனாயிற்று. 2007-இல் வால் ஷெஃப்லரும் அவர்தம் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தையைத் துணியிற் கட்டிச் சுமப்பதினும் வெறுங்கையில் ஏந்தி நடப்பதற்குச் சராசரி 16 விழுக்காடு மிகுதியான ஆற்றல் செலவாகின்றது. நாளெல்லாம் நடந்து கிழங்கும் கனியும் தேடிய பண்டை மகளிர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மேலும், கையில் குழந்தை இருக்குமாயின் கிழங்கை அகழ்தல் எங்ஙனம் இயலும்? நான்சி டேனர், ஏட்ரியன் சில்மன் என்னும் மானிடவியலார் இருவரும் 1976-இலேயே, மக்கள் முதன்முதல் ஆக்கிய கருவிகளுள் குழந்தையைச் சுமக்கும் கருவியும் ஒன்றாதல் வேண்டும் என்று கருதினர். கல்லாயுதம் கொண்டு வேட்டையாடிய ஆடவனையே நாகரிகத்தின் முதல்வனாகக் காட்டிய கொள்கைக்கு இது தக்கதொரு மறுப்பாயிற்று.

எனினும், கருத்து வேறு, சான்று வேறு. மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது இத்தாலி நாட்டு லிகூரியாப் பகுதியில் உள்ள ஆர்மா வெய்ரானா என்னும் குகையினின்று பெறப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் அங்கே அடக்கம் செய்யப்பெற்ற பெண்மகவு ஒன்றன் எலும்புகள் 2017-இல் வெளிப்பட்டன. அம்மகவு பிறந்து 40 முதல் 50 நாள் வரையே வாழ்ந்தது என்பதைப் பற்களின் ஆய்வு காட்டிற்று. உடன் இருந்தவை துளையிட்ட சிப்பி மணிகள் அறுபதிற்கு மேற்பட்டவை. சிப்பித் தொங்கல்கள் நான்கு. பெரிய ஆந்தை ஒன்றன் உகிர் ஒன்று. இம்மணிகள் நெடுங்காலம் உராய்ந்து தேய்ந்திருந்தன. ஐம்பது நாளும் நிரம்பாத மகவு அணிந்து அத்துணைத் தேய்வு நிகழ்ந்திருத்தல் அரிது. ஆகவே, முன்பு பிறர் அணிந்த மணிகளே மகவுக்கு உரியவாயின எனவும், தோலிலோ துணியிலோ அமைந்த தூளியின்மேல் அவை தைக்கப்பட்டிருத்தல் கூடும் எனவும் 2022-இல் ஆய்வாளர் எழுதினர். தூளி மட்கி மறைந்தது. அதன்மேல் இருந்த மணி வரிசையே எஞ்சிற்று. இது துணிபன்று, உய்த்துணர்வே. ஆயினும், அழிந்த பொருளை அதனைச் சார்ந்திருந்த அழியாப் பொருள்கொண்டு அறியும் இம்முறை நம் ஆய்வுக்கு வழிகாட்டுவதாகும்.

அடுத்து ஓவியத்தையும் சிற்பத்தையும் நோக்குவோம். எகிப்து நாட்டுத் தீப்ஸ் நகரில், பதினெட்டாம் அரச மரபுக் காலத்தில் வயல்களைக் கண்காணித்த மென்னா என்னும் அலுவலனின் கல்லறை உள்ளது. அதன் சுவரில், மரத்தடியில் இருக்கும் உழவர்குலப் பெண்ணொருத்தி கழுத்திலிருந்து தொங்கும் துணியில் குழந்தையைத் தாங்கியவளாய்த் தீட்டப்பெற்றுள்ளாள். பல நூற்றாண்டு கழிந்தபின், கி.மு. ஏழாம் நூற்றாண்டில், மொன்துயெம்ஹாத் என்னும் தீப்ஸ் நகரத் தலைவனின் கல்லறைச் சிற்பி இக்காட்சியையே கல்லில் செதுக்கினான். அதன் துண்டு இன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லறைக்கு உரியவன் பெயரும் பதவியும் நமக்குத் தெரியும். குழந்தையைச் சுமந்தவள் பெயரை யாரும் எழுதிற்றிலர்.

ஐரோப்பியக் கலையிலும் நிலை இதுவே. பதுவா நகரத்து ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் சோத்தோ 1305-ஐ ஒட்டித் தீட்டிய சுவரோவியத்தில், கழுதைமேல் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் மரியாள் குழந்தை இயேசுவைக் கழுத்திற் கட்டிய துணியில் தாங்குகின்றாள். அரியணையில் வீற்றிருக்கும் மரியாளுக்கு ஓவியர் இத்துணியை அளித்தல் வழக்கமன்று. நாடு துறந்து செல்லும் மரியாளுக்கே அளித்தார். ரெம்பிராண்ட் 1648-இல் செதுக்கிய அச்சோவியம் ஒன்றில், வீட்டு வாயிலில் இரந்து நிற்கும் குடும்பத்துப் பெண்ணின் முதுகில் குழந்தை உள்ளது. உழவர்குலப் பெண், ஏதிலி, இரவலர் ஆகிய இம்மூவரும் வேலையாலோ வறுமையாலோ நடந்தே தீரவேண்டியவர். தோள்தூளிக்கு உரியோர் எழுத்துக்கு உரியோர் ஆகாமையே சான்றுகள் அருகியதற்கு இரண்டாம் காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

செல்வர் மனையில் குழந்தையைச் சுமப்பது தாயின் வேலையாகக் கருதப்படவில்லை. வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் 1733-இல் டெவன்ஷயர் கோமகனின் மக்களுக்கெனச் சிறுவிலங்கு இழுக்கும் வண்டியொன்றை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தள்ளுவண்டி பெருகி, நடுத்தர மக்களின் மதிப்புக்கும் அடையாளமாயிற்று. 1894-இல் நியூயார்க் மருத்துவர் எம்மெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், அழுகை மகவுக்கு உடற்பயிற்சி போன்றது என்றது. தாயினின்று குழந்தையை விலக்கி வைத்தல் அறிவியல் நெறியென மதிக்கப்பட்டது.

இந்நிலை மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர் 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்குத் தாய்மார் குழந்தையை முதுகிற் கட்டியபடி சந்தைக்கும் வயலுக்கும் செல்வதைக் கண்டார். நாடு திரும்பித் தம் மகவை அங்ஙனமே கட்ட முயன்றார், துணி நழுவிற்று. ஆகவே தம் தாயின் தையல் உதவியோடு பையும் பட்டைகளும் அமைந்த ஒன்றை ஆக்கி, 1969-இல் காப்புரிமை பெற்றார். 'ஸ்னக்லி' என விற்பனைக்கு வந்த அது தொடக்கத்தில் ஒகையோ மாநிலத்துப் பெண்கள் கையால் தைத்தது. 1990-இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வொன்று, குறைந்த வருவாயுடைய தாய்மார் சிலர்க்கு இத்தகைய துணிப்பையும் வேறு சிலர்க்குப் பிளாஸ்டிக் இருக்கையும் அளித்து நோக்கிற்று. பை பெற்றோரின் மக்களுள் 83 விழுக்காட்டினரும், இருக்கை பெற்றோரின் மக்களுள் 38 விழுக்காட்டினரும் தாயிடம் உறுதியான பற்றுடையராய்க் காணப்பட்டனர். ஏழையின் வழக்கம் என ஒதுக்கப்பட்டது ஆய்வுக்கூடத்தின் வாயிலாக மதிப்புப் பெற்றது.

ஆனால் ஒன்று நோக்கற்பாலது. டோகோவின் துணியைக் காண இயன்ற ஆன் மூருக்கு அதனைக் கட்டும் கைப்பழக்கம் உடன் வரவில்லை. அப்பழக்கம் பிறரைக் கண்டு பயில்வது, எழுதப்படாதது. அதனை இழத்தல் இடர் பயப்பதும் உண்டு. 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் இத்தகைய தூளிகளோடு தொடர்புடைய 14 குழந்தை இறப்புக்களை அறிந்துள்ளதாகவும், அவற்றுள் 12 நான்கு மாதம் நிரம்பாத மக்களுடையவை எனவும் எச்சரித்தது. கழுத்து நில்லாத மகவின் மூக்கையும் வாயையும் துணி அழுத்தினாலோ, முகவாய் மார்பில் தோயுமாறு உடல் வளைந்தாலோ மூச்சு தடைப்படும். எவ்வளவு இறுக்குவது, முகம் எங்கிருத்தல் வேண்டும், எத்திங்களில் முதுகுக்கு மாற்றுவது என்பனவெல்லாம் துணியோடு சேர்ந்த அறிவாகும்.

இனி, நம் இலக்கியத்தை நோக்குவோம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலாட்டுக்குரிய தாலப்பருவம் உண்டு. சுமத்தலுக்குத் தனிப்பருவம் இல்லை. பெரியாழ்வார் அம்புலியை அழைக்கும் பதிகத்தில் கண்ணன் தாயின் ஒக்கலைமேல் இருந்து நிலவைச் சுட்டுகின்றான். ஒக்கலை என்னும் இடுப்பு ஆங்குப் பாடல் பெற்றது. ஆயினும் நாற்று நட்ட பெண்கள் மரக்கொம்பில் கட்டிய சேலைத் தூளியும், ஊர் ஊராய்ச் செல்லும் நரிக்குறவப் பெண்டிர் தோளில் கட்டும் துணியும் ஏட்டில் உரிய இடம் பெறவில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலையிற் கயிறிட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமந்த தமிழ்ப்பெண்டிரின் முதுகு கூடைக்கே உரியதாயிற்று. மகவு பிள்ளைமடுவத்தில் விடப்பட்டது. தோள்தூளி இல்லாமையும் அங்கு ஒரு வரலாறே ஆகும்.

ஆதலின், தமிழாய்வு மாணவர்க்கு ஈண்டு ஒரு பணி காத்திருக்கின்றது. வட்டாரந்தோறும் இத்துணிக்கும் அதன் முடிச்சுக்கும் உள்ள பெயர்கள், கட்டும் முறை, பயன்படும் துணியின் நீளம், குழந்தையின் வயதுக்கேற்ப அமையும் மாற்றம் ஆகியவற்றை முதிய மகளிரிடம் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். கல்வெட்டு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கும். இவ்வறிவோ அதனை உடையாரோடு மறைவது.