சவுக்கு மரத்துப் பெண்

பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் சவுக்கு மரத்தைப் பற்றி ஒரு கவிதை வருமே, ஞாபகம் இருக்கிறதா? மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன கூட்டத்தில் நானும் ஒருவன். எழுதியவர் தோரு தத் என்பது மட்டும் மனதில் நின்றது. அவர் இறந்தபோது வயது 21 என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது என் வயதும் அதுதான்!

1856 மார்ச் 4-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கோவிந்த சந்திர தத்தும் கவிஞர். அண்ணன் அப்ஜு 1865-லேயே இறந்துவிட்டான். 1869-ல் குடும்பம் ஐரோப்பா கிளம்பியது. பிரான்சில் நீஸ் நகரத்துப் பள்ளியில் தோருவும் அக்கா அருவும் படித்தது சில மாதங்கள்தான். ஆனால் அங்கே பிடித்த பிரெஞ்சுப் பைத்தியம் கடைசிவரை தோருவை விடவில்லை. பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ். 1873-ல் ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடமே அருவைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. தோரு நாவல் எழுதுவது, அரு அதற்குப் படம் வரைவது என்று இருவருக்கும் ஒரு திட்டம் இருந்ததாம். படங்கள் வரவே இல்லை...

1876-ல் தோருவின் முதல் புத்தகம் வந்தது. பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் எட்டு, அரு மொழிபெயர்த்தவை. கல்கத்தா பவானிபூரில் ஒரு சின்ன அச்சகம், முன்னுரை கூடக் கிடையாது. மார்க்கெட்டிங் பாடம் படிக்கிறவன் கண்ணுக்கு விலைபோகாத சரக்கு! ஆனால் ஒரு பிரதி லண்டன் 'எக்ஸாமினர்' பத்திரிகை அலுவலகம் வரை போய், எட்மண்ட் காஸ் என்ற இளம் விமர்சகர் கையில் கிடைத்தது. வேண்டா வெறுப்பாகப் பிரித்தவர் அசந்துபோய் எழுதினார்.

தோரு உயிரோடு இருந்து பார்த்தது அந்த ஒரு புத்தகத்தைத்தான். அதற்குள் அப்பாவோடு உட்கார்ந்து சமஸ்கிருதமும் படிக்க ஆரம்பித்திருந்தார். 1877 ஆகஸ்ட் 30-ல் அதே காசநோய் அவரையும் கொண்டுபோனது.

எனக்கு இந்தக் கதையில் பெரிய மனிதராகத் தெரிவது அந்த அப்பா. மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர், மகளின் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் படிக்கிறார். உள்ளே பிரெஞ்சில் ஒரு முழு நாவல்! அது 1879-ல் பாரிசில் வெளியானது. ஓர் இந்தியர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். 'பியான்கா' என்ற முடியாத ஆங்கில நாவல் 1878-ல் ஒரு வங்காளப் பத்திரிகையில் வந்தது. சாவித்திரி, சீதை, பிரகலாதன் கதைகளைச் சொல்லும் ஆங்கிலக் கவிதைகள், காஸ் முன்னுரையோடு 1882-ல் லண்டனில் புத்தகமாயின. நம் சவுக்கு மரமும் அதில்தான் இருக்கிறது. அந்தக் காகிதங்களை யாராவது எடைக்குப் போட்டிருந்தால்?

பாடநூல் உரைகள் அவரை 'இந்தியாவின் கீட்ஸ்' என்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் காசநோயில் இறந்தார் என்பதைத் தவிர அந்தப் பட்டம் என்ன சொல்கிறது?

நேற்று அந்தக் கவிதையை மறுபடி எடுத்துப் படித்தேன். மரத்தடியில் தன்னோடு விளையாடியவர்களுக்காகத்தான் அந்த மரம் தனக்குப் பிரியமானது என்கிறார். பரீட்சைக்குப் படித்தபோது அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அப்ஜுவும் அருவும்.